அம்மாவுக்கு முப்பது, அண்ணனுக்கு எழுபத்தைந்து

ஆட்டோவில் மூன்றாவது ஆளுக்கும் இடம் இருந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி, பக்கத்தில் சாமு அண்ணனை உட்கார வைத்து, டிரைவரிடம் வீட்டுக்கு வழி சொல்லிவிட்டு, "நீங்க போங்க, பின்னாடியே வரேன்" என்றேன். ஆட்டோ கிளம்பியதும் நடக்க ஆரம்பித்தேன். குரோம்பேட்டையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் பக்கமாக. எங்கள் வீடு அந்தப் பக்கம்தான். ரயில் நிலையமும் அந்தப் பக்கம்தான். எங்கே போகிறாய் என்று யாராவது நிறுத்திக் கேட்டிருந்தால் ரயில் நிலையம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பழக்கம் அப்படி. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டை விட்டுப் போனவன் நான். லாரி கிளீனர், போர்வெல் வண்டி, கோவாவில் ஓட்டல் சமையலறை, கடைசியாக நெல்லூர் பக்கம் இறால் பண்ணை. இப்போது வயது நாற்பத்தொன்று. எந்த இடத்திலும் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் இருந்ததில்லை. யாரையாவது நோகடித்துவிட்டேன் என்று தெரிந்தால் அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு இருப்புக்கொள்ளாது. அன்று நான் நோகடித்தது என் அண்ணனை. அதைச் சொல்ல வேண்டுமானால் அம்மாவின் ஆஸ்பத்திரி நாட்களிலிருந்து சொல்ல வேண்டும்.

தகவல் சொன்னது பாஷா பாய். கிழக்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருப்பவர். அண்ணன் வேலை செய்வது அவர் கடையில்தான்.

"டேனி, அம்மாவுக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரில சேத்துக்கீது. சாமு இங்க அழுதுகினு கீறான். நீ எங்க கீற?"

"நெல்லூர்ல பாய்."

"வந்துடு. இந்தத் தபா பொறவு பாத்துக்கலாம்னு சொல்லாத."

வந்தேன். அம்மாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. அப்படியே மூன்று வாரமாகச் சுவரில் சாய்ந்து தூங்கியிருக்கிறார். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அந்தக் குழி மேலே எழும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று.

எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் ஜெல் தடவி, ஒரு கருவியை வைத்து உருட்டி, இதயம் சுருங்கி விரிவதைத் திரையில் பார்ப்பது. வலி கிடையாது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்று அதில் தெரியும். நல்ல இதயம் அறுபது சதவீதம் தள்ளும். அம்மாவுடையது முப்பது. தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கி, நீர் நுரையீரலில் கசிகிறது, காலில் இறங்குகிறது. எப்போதோ அம்மாவுக்கே தெரியாமல் ஒரு மாரடைப்பு வந்து போயிருக்கிறதாம்.

டாக்டர் அம்மாவிடம், "பம்பிங் முப்பது பர்சன்ட்தாம்மா இருக்கு" என்றார்.

"பாஸ் மார்க் எவ்வளவு சார்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "ஸ்கூல்ல முப்பத்தஞ்சும்மா."

"அஞ்சு மார்க்ல போச்சா." அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ எட்டாவதுல கணக்குக்கு இருபத்தெட்டு. உன்னைவிட நான் பரவாயில்லடா."

பதினோரு நாள் இருந்தோம். அப்பா அரசுப் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஆஸ்பத்திரிச் செலவில் பாதிக்கு மேல் ஓய்வூதியர் காப்பீட்டில் போயிற்று, மீதிக்கு என் இறால் பண்ணைச் சம்பளம் சரியாக இருந்தது. உண்மையில் கஷ்டமாக இருந்தது தண்ணீர் விஷயம்தான். ஊசி போட்டுச் சிறுநீராக உடம்பின் நீரை வெளியேற்றுவார்கள். அதனால் நாள் முழுக்க ஒரு லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. காபி, கஞ்சி எல்லாம் அதில் சேர்த்தி. வெயில் காலத்தில் அம்மா ஒரு டம்ளருக்குக் கெஞ்சுவார்.

கணக்கு வைத்தது அண்ணன். அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாமுவுக்கு நாற்பத்தாறு வயது. பிறந்தபோது அழவில்லையாம். ஐந்து வயதில்தான் பேச்சு வந்தது. எழுதத் தெரியாது, கடிகாரம் பார்க்கத் தெரியாது, காசைக் கொடுத்தால் நிறத்தை வைத்துத்தான் சொல்வான். ஆனால் காகிதத்தில் ஓட்டை போட அவனை மிஞ்ச ஆள் இல்லை. தாள் கட்டை இரண்டு பக்கமும் தட்டிச் சமமாக்கி, மேல் தாளை ஒரு தடவை நடுவில் மடித்துத் தடம் பார்த்து, பஞ்சிங் மெஷினில் அழுத்துவான். இருநூறு பக்கமானாலும் ஓட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும். பாய் கடையில் அதுதான் அவன் வேலை. ஆஸ்பத்திரிக்கும் அந்த மெஷினைக் கொண்டுவந்துவிட்டான். அம்மா ஒரு டம்ளர் குடித்தால் ஒரு தாளில் ஓரமாக ஒரு ஓட்டை. சாயங்காலம் நர்ஸ் வந்து அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளை எண்ணிச் சார்ட்டில் எழுதிக்கொள்வாள். "சாமு அண்ணா, கரெக்டா இருக்கீங்க. டூட்டில சேந்துடுங்க" என்பாள். அவனுக்கு முகம் கொள்ளாது.

அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "பெரியவன் சம்பாதிக்கிறான். சின்னவன்தான் ஊரு சுத்துறான்." ஆஸ்பத்திரியில் எதிர்க் கட்டிலுக்கும் அதையே சொன்னார்.

எதிர்க் கட்டிலில் இருந்தவர் வசந்தா மேடம். சர்க்கரைப் புண்ணுக்காகக் காலில் கட்டோடு படுத்திருந்தார். கருவூலத்தில், அதாவது ஓய்வூதியம் கொடுக்கிற அலுவலகத்தில், முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலாவது நாள் என்னைக் கூப்பிட்டார்.

"டேனியல், உங்கம்மாவுக்கு அப்புறம் உங்கண்ணனுக்கு என்ன ஏற்பாடு?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"பென்ஷன் அம்மாவோட நின்னுடும்னு நெனச்சீங்களா? இந்த மாதிரி பிள்ளைக்கு ஆயுசு முழுக்க வரும். ஆனா அதுக்கு மெடிக்கல் போர்டு சர்டிபிகேட் வேணும், சம்பாதிக்க முடியாதவர்னு. அப்புறம் அவர் சார்பா பணத்தை வாங்கிச் செலவு பண்ண ஒரு கார்டியன் வேணும், கலெக்டர் ஆபீஸ் கமிட்டி மூலமா. உங்கம்மா உயிரோட இருக்கறப்பவே எழுதிக் குடுத்தா சில மாச வேலை. அவங்க போன பிறகு வந்து நின்னா வருஷக்கணக்குல அலையணும். நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து பாத்திருக்கேன்."

பிறகு அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னார். "போர்டுல போய், சம்பாதிக்கிறான்னு மட்டும் சொல்லிடாதீங்க."

இது எனக்குப் புதுச் செய்தி கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன் அம்மா கோவாவுக்குப் போன் செய்து இதையேதான் சொன்னார். யாரோ விவரம் சொல்லியிருக்கிறார்கள், கார்டியனாக நீ கையெழுத்துப் போட வேண்டும், ஒரு வாரம் வந்து போ என்றார். அடுத்த மாசம் வரேன் என்றேன். வரவில்லை. சிம் கார்டை மாற்றினேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அது என்னை ஒரே இடத்தில் கட்டிப்போட்டுவிடும் என்று பயந்தேன். அன்று வந்திருந்தால் அம்மாவின் இதயம் நன்றாக இருக்கும்போதே எல்லாம் முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் அம்மா அதைச் சொல்லிக் காட்டவே இல்லை. எனக்காக பிரெட்டில் இரண்டு துண்டைத் தலையணைக்கு அடியில் எடுத்து வைப்பார், அவ்வளவுதான்.

ஒன்றாம் தேதி பாஷா பாய் வந்தார். சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு, அம்மா தூங்குவதைப் பார்த்து என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனச்சிக்காத டேனி. ஒண்ணாந் தேதி ஆச்சு. சாமு காலைலேந்து சம்பளம் சம்பளம்னு கேட்டுகினு கீறான். அம்மா இந்த மாசம் குடுக்கல."

"அம்மா எதுக்கு பாய் குடுக்கணும்? அவனுக்கு நீங்கதானே சம்பளம் குடுக்கணும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உனக்குத் தெரியாதா? மாசா மாசம் அம்மாதான் முன்னாடி நாளே மூவாயிரம் கொண்டாந்து குடுக்கும். நான் கவர்ல போட்டு அவன்கிட்ட குடுப்பேன். அவன் அத்த எடுத்துகினு போய் அம்மா கையில குடுப்பான். ஒம்பது வருசமா இதாம்பா ஓடிகினு கீது. நான் சும்மா குடுத்துடறேன், வுடுக்கான்னு எத்தினியோ தபா சொல்லிட்டேன். அம்மா கேக்கல. இல்ல பாய், நீங்க எடம் குடுத்தீங்களே, அதுவே போதும்னுது."

கீழே போய் ஏ.டி.எம்.மில் எடுத்து நான்தான் அவரிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அண்ணன் கவரோடு ஓடி வந்தான். அம்மாவை எழுப்பி, "சம்பளம்மா" என்று கையில் வைத்தான். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு, எதிர்க் கட்டில் பார்க்கும்படி கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வீட்டுக்கு வந்த அடுத்த வாரம், அண்ணனை மனநல மருத்துவப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள். படம் காட்டிப் பெயர் கேட்டார்கள். வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை லீவு" என்றான். அறிவுசார் குறைபாடு, நடுத்தர நிலை, எழுபத்தைந்து சதவீதம் என்று எழுதினார்கள். நூறை நெருங்க நெருங்க குறைபாடு அதிகம் என்று பொருள். சோதனை செய்த பெண் அதை எனக்குச் சொல்லும்போது அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலிலேயே கத்தினான். "அம்மா, நான் எழுபத்தஞ்சு! நீ முப்பதுதான்!"

அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி சிரித்தார். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. பிறகு அவன் தலையைத் தடவி, "ஃபர்ஸ்ட் கிளாஸுடா" என்றார். நான் கிணற்றடிப் பக்கம் போய்விட்டேன்.

மெடிக்கல் போர்டுக்காகக் குரோம்பேட்டைக்குப் போன அன்று அம்மாவும் வந்தார். பிறந்ததிலிருந்து நடந்ததைச் சொல்ல அவர்தான் வேண்டும் என்றார்கள். பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், கண் தெரியாத ஒரு பெண், எல்லோர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் தாள்கள். எங்கள் தாள்கள் மட்டும் ஃபைலில் இருந்தன. முந்தின நாள் அண்ணன் போட்டுக் கொடுத்தது.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் நல்ல மனிதர். நாற்காலியைக் காட்டி அம்மாவை முதலில் உட்காரச் சொன்னார். ஃபைலைப் புரட்டினார். பழைய ரிப்போர்ட், ஓய்வூதியப் புத்தக நகல், ஆதார், எல்லாம் வரிசையாக.

"அழகா இருக்கே. யாரு ஃபைல் போட்டது?"

அம்மாவுக்கு நூறு தடவை சொல்லி வைத்திருந்தேன். தலையாட்டியும் இருந்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு அவரிடம் வேறு பதில் இல்லை.

"என் பெரியவன் சார். அவன் வேலையே அதுதான். கடையில. மாசம் மூவாயிரம் சம்பாதிக்கிறான்."

டாக்டரின் பேனா நின்றது. "சம்பாதிக்கிறாரா? அப்ப இந்த சர்டிபிகேட் எதுக்குக் கேட்டு வந்திருக்கீங்க?"

அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அண்ணன் டாக்டரையும் ஃபைலையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். எனக்கு அந்தப் பேனா மட்டும்தான் தெரிந்தது. அது மூடப்பட்டால் அம்மாவுக்குப் பிறகு அவன் சோற்றுக்கு என்ன செய்வான் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"சார், அது சம்பளம் கிடையாது" என்றேன். "எங்கம்மா பென்ஷன்லேருந்து எடுத்துக் கடைக்காரர்கிட்ட முன்னாடியே குடுத்துடுவாங்க. அவர் கவர்ல போட்டு இவன்கிட்ட குடுப்பார். இவன் ஒரு பைசா சம்பாதிக்கறது இல்ல சார். சும்மா போய் உக்காந்துட்டு வரான்."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. எழுதினார். மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அண்ணன் சிரிப்பு மெதுவாக இறங்கியது. அவனுக்கு எதுவும் புரியாது என்று எண்ணுபவர்கள் அவனோடு வாழ்ந்ததில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு நானும் அவனோடு வாழ்ந்ததில்லை.

"ஃபைலு நல்லாதானே போட்டேன்?" என்று டாக்டரைக் கேட்டான்.

"ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க" என்றார் டாக்டர்.

"அப்ப பாய் ஏன் காசு குடுக்கல?"

அதற்குப் பிறகுதான் ஆட்டோ பிடித்தேன்.

சானடோரியம் தாண்டும்போது வசந்தா மேடம் போன் செய்தார். கால் ஆறி அவரும் வீட்டுக்குப் போயிருந்தார்.

"என்னாச்சு டேனியல்?"

"குடுத்துட்டாங்க மேடம்."

"குட். என்ன கேட்டாங்க?"

நடந்ததைச் சொன்னேன்.

"சர்டிபிகேட் கையில இருக்கா? அந்த வரியைப் படிங்க."

தாள் என்னிடம்தான் இருந்தது. பேருந்து நிறுத்தத்தின் நிழலில் நின்று படித்தேன். தன் பிழைப்புக்குப் போதுமான அளவு சம்பாதிக்க இயலாதவர் என்று இருந்தது.

"போதுமான அளவு" என்றார் மேடம். "அவர் வேலைக்குப் போகலாம், சம்பளம் வாங்கலாம். அதை வெச்சு வாழ முடியாதுன்னா போதும். மூவாயிரத்துல எவன் வாழ்வான்? அதை மட்டும் சொல்லியிருந்தா இதே தாள் கெடச்சிருக்கும். பணம் எங்கேருந்து வருதுன்னு யாரும் கேக்கலியே."

"சம்பாதிக்கிறான்னு சொல்லாதீங்கன்னு நீங்கதானே மேடம்..."

"சொன்னேன். மொட்டையா சொல்லிட்டேன். என் தப்பும் இருக்கு."

அவர் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வரி விண்ணப்பத்திலும் இருந்தது. ஒரு வாரமாக என் கையில் இருந்தது. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஆனால் அரசாங்கத் தாள் என்றால் கடைசி இரண்டு சொல்லைப் படித்துவிட்டுப் புரிந்ததாக வைத்துக்கொள்வேன். சம்பாதிக்க இயலாதவர். அவ்வளவுதான் படித்தேன். அதற்காக என் அண்ணனின் ஒன்பது வருஷச் சம்பளத்தை அவன் எதிரிலேயே பிடுங்கினேன்.

தாம்பரம் நிலையம் வரைக்கும் போனேன். டிக்கெட் வரிசையிலும் நின்றேன். முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். வடக்கே போவதா தெற்கே போவதா என்று யோசிக்கும்போதுதான் அந்தக் கணக்கு புரிந்தது. சர்டிபிகேட் பாதி வேலைதான். கார்டியன் என்று ஒருவன் உள்ளூர் விலாசத்தோடு, கமிட்டி கூப்பிட்ட நாளில் போய் நிற்க வேண்டும். அம்மாவின் இதயம் முப்பது. நான் ரயில் ஏறினால், அண்ணனிடம் அத்தனையையும் பிடுங்கி வாங்கிய தாள் வெறும் தாளாகப் போய்விடும். வரிசையை விட்டு வந்தேன். நல்ல மனசு ஒன்றும் திடீரென்று வந்துவிடவில்லை. அந்தத் தாளை வீணாக்கும் துணிச்சல் இல்லை.

வீட்டில் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அம்மா மூன்று தலையணையில் சாய்ந்திருந்தார்.

"என் வாயால அதைச் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சுதான் உன்னைக் கூட்டிட்டுப் போனேன்" என்றார். "அதுக்காக இப்படியாடா சொல்லுவ?"

மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றும்போது, அன்றைக்கு எத்தனையாவது டம்ளர் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அண்ணன் அன்று ஓட்டை போடவில்லை.

மறுநாள் காலை அண்ணன் வேலைக்குக் கிளம்பவில்லை. பாய் ஆள் அனுப்பினார். தலைவலி என்று அம்மா சொல்லி அனுப்பினார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். வேளச்சேரி ரோட்டில் தண்ணீர் கேன் போடும் டிப்போ ஒன்றில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. முதலாளி பனியனோடு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். ஆதார் கேட்டார். கொடுத்தேன்.

"இதுல நெல்லூர்னு கீது?"

"மாத்தப் போறேண்ணா. வீடு இங்கதான்."

"அல்லாரும் இப்டிதான் சொல்றானுங்கோ. ஒரு மாசம் கேன் தூக்குவான், முதுகு புடிச்சிக்கும், சொல்லாம கொள்ளாம பூடுவான். எனக்கு அதே பேஜார். நீ எத்தினி நாள் இருப்ப?"

"எங்க அண்ணன் இருக்கிற வரைக்கும் இருப்பேன்."

அவர் இட்லியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இன்னாது?"

"அண்ணன் உசுரோட இருக்கிற வரைக்கும்."

"அண்ணனுக்கு இன்னா வயசு?"

"நாப்பத்தாறு."

"ஒடம்பு கிடம்பு?"

"நல்லா இருக்கான்."

"அப்ப சரி, தேறும்." கையைக் கழுவிக்கொண்டு எதிர் அபார்ட்மென்ட்டைக் காட்டினார். "மூணாவது மாடி, நாலு கேன். லிப்ட்டு கெடையாது."

தோளுக்கு ஒன்றாக இரண்டு கேன்களை ஏற்றிக்கொண்டு படியேறினேன்.